பாப்பா எப்போ தவழும்?

எங்க அக்கா குழந்தைக்கு எட்டு மாசம். முந்திரிக்கொட்டை உடைக்க வரும் ஆயாக்கள் எல்லாம் "இன்னும் தவழலையா?" என்று கேட்டுக் கேட்டு அக்காவை அழ வைத்துவிட்டார்கள்.

தமிழய்யா பிள்ளைத்தமிழ் நடத்தினார். செங்கீரைப் பருவம் 5ஆம் மாதம்: கையை ஊன்றி, தலையை நிமிர்த்தி ஆடுவது. சப்பாணி 9ஆம் மாதம்: கை தட்டுவது. அந்தக் காலத்திலேயே எவ்வளவு கவனமாகப் பார்த்திருக்கிறார்கள்!

ஆனால் எல்லாக் குழந்தைக்கும் ஒரே தேதி கிடையாது. இந்தியா உட்பட 5 நாட்டுக் குழந்தைகளைப் பார்த்து உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட கணக்கில், பிடிக்காமல் நடக்க 8 மாதம் முதல் 17½ மாதம் வரை ஆகலாம். சில குழந்தைகள் தவழாமலே நடந்துவிடுமாம்!

காது விஷயத்தில் மட்டும் காத்திருக்கக் கூடாது. எங்க தெருவில் ஒரு தம்பி கூப்பிட்டால் திரும்ப மாட்டான். "அவங்கப்பாவும் லேட்டாதான் பேசினாரு" என்று மூன்று வயசு வரை விட்டுவிட்டார்கள். பிறகுதான் காது கேட்கவில்லை என்று தெரிந்தது. கேட்டால்தானே பேச்சு வரும்? சந்தேகம் வந்தால் உடனே அங்கன்வாடி டீச்சரிடமோ கிராம சுகாதார செவிலியரிடமோ சொல்லுங்கள்.

நேற்று பாப்பாவுக்குப் பின்னால் நின்று தட்டைத் தட்டினேன். டக்கென்று திரும்பிச் சிரித்தாள். தவழத்தான் இல்லை.