"கியர்பாக்ஸ் போச்சு சார்..." - முழுசா மாத்தணுமா, ரிப்பேர் போதுமா?

செகண்ட் கியர் போடும்போது மட்டும் 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம். மெக்கானிக்கிடம் காட்டினால், "கியர்பாக்ஸ் போச்சு சார், மாத்திடலாம்" என்கிறார். இஎம்ஐ கூட முடியாத செகண்ட் ஹேண்ட் காருக்கு இது பேரிடி. ஆனால், மேனுவல் கியர்பாக்ஸ் மொத்தமாகக் காலியாவது அபூர்வம். உள்ளே தேய்வது பெரும்பாலும் சில சின்ன பாகங்கள்தான்.

கோளாறு எங்கே?

இன்ஜின் ஆஃபில் இருக்கும்போது எல்லா கியரும் ஈஸியாக விழுகிறது, ஸ்டார்ட் செய்ததும் முதல் கியரும் ரிவர்ஸும் முரண்டு பிடிக்கிறதா? முதலில் கிளட்சைப் பாருங்கள்.

நியூட்ரலில் வரும் சத்தம் கிளட்சை மிதித்ததும் நின்றுவிட்டால், இன்புட் ஷாஃப்ட் பேரிங் தேய்ந்திருக்கலாம். மிதிக்கும்போதுதான் சத்தமே வருகிறது என்றால், சந்தேகம் கிளட்ச் ரிலீஸ் பேரிங் மீது.

ஒரு கியரில் மட்டும் உரசல் என்றால், பெரும்பாலும் சிங்க்ரோனைசர் ரிங். வெவ்வேறு வேகத்தில் சுற்றும் கியரையும் ஷாஃப்ட்டையும் ஒரே வேகத்துக்குக் கொண்டுவரும் வளையம் இது. பல கார்களில் பித்தளையில் இருக்கும். அதன் வேலையே உரசுவதுதான் என்பதால் தேய்மானம் சகஜம்.

எங்கே மிச்சம் பிடிக்கலாம்?

* கியர் பற்கள் நன்றாக இருந்தால் அப்படியே விடலாம். பேரிங், சிங்க்ரோ ரிங், ஆயில் சீல் மட்டும் புதிது போட்டாலே பல பெட்டிகள் சரியாகிவிடும்.

* பேரிங்கில் எண் பொறித்திருக்கும். பொதுவான அளவு என்றால், அதே எண்ணில் நல்ல பிராண்டை பேரிங் கடையிலேயே வாங்கலாம்.

* கிளட்சை மாற்றவும் கியர்பாக்ஸை இறக்கத்தான் வேண்டும். அது தேய்ந்திருந்தால் கையோடு மாற்றிவிடுங்கள். லேபர் ஒருமுறையோடு முடியும்.

* கேசிங் விரிசல் விட்டிருந்தாலோ, பல கியர்கள் உடைந்திருந்தாலோ ரிப்பேர் கட்டுப்படியாகாது. அப்போது சென்னை புதுப்பேட்டை போன்ற இடங்களில் பழைய கியர்பாக்ஸ் தேடலாம். வாங்கும் முன் ஷாஃப்ட்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். ஆயிலை வடித்துப் பாருங்கள்: மாவு போன்ற இரும்புத்தூள் ஓகே, செதில் செதிலாக வந்தால் வேண்டாம்.

எங்கே கஞ்சத்தனம் கூடாது?

பழைய ஆயில் சீலைத் திரும்பப் போடக் கூடாது. சீல் கசிந்து ஆயில் இறங்கினால், புது பேரிங்கும் சீக்கிரமே காலி. ஒரு கியரில் பல் உடைந்திருந்தால், அதோடு ஜோடியாகச் சுற்றும் கியரையும் சேர்த்தே மாற்ற வேண்டும். கியர் ஆயிலை கார் மேனுவலைப் பார்த்து வாங்குங்கள். ஜிஎல்-4 கேட்கும் பெட்டியில் ஜிஎல்-5 ஊற்றினால், சில ஆயில்களில் உள்ள ரசாயனம் பித்தளை ரிங்கை அரிக்கக்கூடும்.

பில் கட்டும் முன்...

பெட்டியைத் திறந்த பிறகு, தேய்ந்த பாகங்களை நேரில் பார்த்துவிட்டு எஸ்டிமேட்டை எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய பாகங்களையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை யாராவது "கியர்பாக்ஸ் போச்சு" என்றால் உடனே ஓகே சொல்லிவிடாதீர்கள். "அதுல எது போச்சுண்ணே?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வியிலேயே பில் பாதியாகக் குறையலாம்.