‘கப்பலில் பார்த்துக்கலாம்’ என்பதில்தான் கோளாறு

புதுக்கோட்டை, அறந்தாங்கி, ஆலங்குடிப் பக்கத்துக் குடும்பங்களுக்குக் கப்பல் புதிதல்ல. மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் பிழைக்கப் போன தலைமுறையில் எத்தனையோ பேர் நாகப்பட்டினத்தில் ‘ரஜுலா’வில் ஏறித்தான் போனார்கள். 1926-ல் கட்டப்பட்ட அந்தக் கப்பல் 1970-களின் தொடக்கம் வரை ஓடியது. புதிது என்றால் இன்பச் சுற்றுலாவுக்காகக் கப்பல் ஏறுவதுதான். 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து ‘கார்டீலியா’ சொகுசுக் கப்பல் புறப்பட்டது. அடுத்த ஆண்டு ஜூனில் இலங்கைத் துறைமுகங்களுக்கும் போனது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினம்–காங்கேசன்துறை பயணிகள் கப்பல் தொடங்கியது. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள், ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவை மூன்று இரவுக் கப்பலில் ஏற்றிவிடுவதும் உண்டு.

அந்தக் காலத்து அரசாங்கங்கள் கப்பலை நோய் ஏறி வரும் வண்டியாகவே பார்த்தன. சிங்கப்பூருக்கு அருகே செயின்ட் ஜான்ஸ் தீவிலும் பினாங்குக்கு அருகே ஜெரெஜாக் தீவிலும் வந்திறங்கியவர்களைத் தனியே வைத்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட்டார்கள். இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்களுக்கு மண்டபம் முகாம் இருந்தது. அதில் கொடுமையும் இருந்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் உடல்நலத்தைக் கப்பல் ஏறும் முன்பே கவனிக்க வேண்டும் என்ற புரிதலும் அதில் இருந்தது. இன்றைய பயணி கப்பலை மிதக்கும் லாட்ஜாக நினைக்கிறார். லாட்ஜில் மாத்திரை தீர்ந்தால் எதிரே மருந்துக்கடை உண்டு. கடலில் எதிரே கடல்தான். முதல்முறை போகிறவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை, கரையில் முடிக்க வேண்டியதை ‘கப்பலில் பார்த்துக்கலாம்’ என்று தள்ளிப்போடுவதிலிருந்து வருபவை.

பழகுவதற்குள் கரை வந்துவிடும்

காதுக்குள் சமநிலையைக் கவனிக்கும் உறுப்பு, உடம்பு ஆடுகிறது என்று மூளைக்குச் சொல்கிறது. கேபினுக்குள் கட்டிலையும் சுவரையும் பார்க்கும் கண்ணோ, எதுவும் அசையவில்லை என்கிறது. இந்த முரண்பாட்டில்தான் குமட்டல் தொடங்குகிறது. பெரிய கப்பல் ஆடாது என்பது ஒரு வாதம். ஆட்டத்தைக் குறைக்கும் துடுப்புகள் நவீனக் கப்பல்களில் இருப்பது உண்மைதான். அவை பக்கவாட்டு ஆட்டத்தைக் குறைக்கும். முன்னும் பின்னுமாக ஏறி இறங்குவதை அவ்வளவாகக் குறைக்காது. கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் கடலைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இன்னொரு நினைப்பு உண்டு: கடல் என்றால் இவ்வளவுதானே என்று. அது ஆழம் குறைந்த பாக் விரிகுடா. பெரும்பாலான நாட்களில் ஏரி மாதிரி கிடக்கும். வெளியே வங்கக்கடலின் குணம் வேறு. நாகை–காங்கேசன்துறை சேவை தொடங்கிய சில நாட்களிலேயே, பருவமழையைக் காரணம் காட்டி நிறுத்தப்பட்டதை நினைத்துப் பாருங்கள்.

மீன்பிடிக்கப் போகிறவர்களுக்கு வாந்தி வருவதில்லையே, பழகினால் போய்விடாதா என்று கேட்கலாம். பழகும்தான். ஆனால் மூளை அந்த ஆட்டத்துக்குப் பழக இரண்டு மூன்று நாளாகும். மூன்று இரவுப் பயணத்தில் அதற்குள் கரை வந்துவிடும். அதனால் மாத்திரையைக் குமட்டல் வந்த பிறகு தேடுவதில் பயனில்லை. குமட்டும்போது இரைப்பை வேலையை மந்தமாக்கிவிடுகிறது. உள்ளே போன மாத்திரை கரைந்து ரத்தத்தில் சேர்வதற்குள் வெளியே வந்துவிடும். கப்பல் கிளம்ப ஒரு மணி நேரத்துக்கு முன்பாவது போட வேண்டும். பஸ் பயணத்துக்கு நம் வீடுகளில் வாங்கும் அவோமின் போன்றவை தூக்கம் வரவைக்கும். இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது. கண்ணில் அழுத்த நோய் உள்ளவர்களும், சிறுநீர் சரியாகப் பிரியாத வயதான ஆண்களும் டாக்டரிடம் கேட்காமல் தொடக்கூடாது. வாந்தி வரும் என்று பட்டினி கிடப்பது நம் பஸ் பழக்கம். வெறும் வயிறு குமட்டலைக் கூட்டத்தான் செய்யும். இரண்டு இட்லி மாதிரி லேசான ஆகாரமே நல்லது. அறை எடுக்கும்போது ஜன்னல் அழகைப் பார்த்து உச்சித் தளத்துக்கு ஆசைப்படாமல் நடுப்பகுதியில் கீழ்த்தளத்தில் கேட்டால் ஆட்டம் குறைவு. தலை சுற்றினால் போனை வைத்துவிட்டு மேல்தளத்துக்குப் போய்த் தொடுவானத்தைப் பார்ப்பது, படுத்துக் கிடப்பதைவிடப் பலருக்கு உதவும்.

சானிடைசர் செய்யாத வேலை

கப்பலில் பரவும் வயிற்றுப்போக்குக்குப் பெரும்பாலும் காரணம் நோரோ வைரஸ். சிறு எண்ணிக்கையில் உள்ளே போனாலே நோய் வரும். கைப்பிடியிலும் மேசையிலும் நாட்கணக்கில் உயிர்ப்போடு இருக்கும். கொரோனா காலத்தில் பழகிய சானிடைசர் இதை அவ்வளவாக ஒன்றும் செய்யாது. சோப்புப் போட்டு இருபது விநாடி தேய்த்து, ஓடும் தண்ணீரில் கழுவித் தள்ளுவதுதான் வழி.

இங்கே நம் சாப்பாட்டு முறைக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. பஃபே கூடத்தின் வாசலிலேயே கையைக் கழுவிவிடுகிறோம். பிறகு தட்டை எடுக்கிறோம், நூறு பேர் பிடித்த கரண்டியைப் பிடிக்கிறோம், நாற்காலியை இழுக்கிறோம், அதே விரல்களால் சோற்றைப் பிசைகிறோம். முள்கரண்டியால் சாப்பிடுகிறவருக்கு இது சிறிய ஆபத்து, நமக்குப் பெரியது. இதற்கு மருந்தும் நம் வீட்டிலேயே இருக்கிறது. எச்சில் கை படக்கூடாதென்று இரண்டாவது முறை சோறு போட்டுக்கொள்ளும்போது இடக்கையால்தானே கரண்டியைப் பிடிக்கிறோம்? கப்பலில் முதல் முறையும் அப்படியே செய்துகொண்டு, எல்லாம் மேசைக்கு வந்த பிறகு ஒருமுறை போய்க் கையைக் கழுவிவிட்டு உட்கார்ந்தால் போதும்.

இதையெல்லாம் படித்துவிட்டுக் கப்பலே ஆபத்து என்று முடிவு கட்டுவதும் தவறு. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் கணக்குப்படி, அங்கே பதிவாகும் நோரோ வைரஸ் பரவல்களில் கப்பலில் நடப்பவை சுமார் 1 சதவீதம்தான். கப்பலில் நடந்தால் எண்ணப்படுகிறது, செய்தியாகிறது. கல்யாணப் பந்தியில் நடந்தால் ‘சாப்பாடு சேரவில்லை’ என்று போய்விடுகிறது. மூன்று நாள்தானே என்ற அலட்சியமும் செல்லாது. வைரஸ் உள்ளே போய் 12 முதல் 48 மணி நேரத்தில் நோய் வெளிப்படும். மூன்று நாள் அதற்குத் தாராளம்.

வெட்டிய அட்டையில் பெயர் இல்லை

ஐ.சி.எம்.ஆர். 2023-ல் வெளியிட்ட ஆய்வு, நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடி பேர் என்று மதிப்பிட்டது. ஆகவே தாத்தா பாட்டியோடு கிளம்பும் குடும்பத்தில் சுகர் மாத்திரையோ பிரஷர் மாத்திரையோ இல்லாமலிருப்பது அபூர்வம். 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வழியாக அவை வீட்டு வாசலுக்கே வருகின்றன. நல்ல திட்டம். ஆனால் பயணத்தன்று நடப்பது என்ன? அட்டையிலிருந்து நாலு நாலாகக் கத்திரித்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுக்கொள்கிறார்கள். வெட்டிய துண்டில் வெள்ளித்தாளும் அரைகுறை எழுத்தும்தான் மிஞ்சும். மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் வீட்டில் விட்டுவந்த மறுபாதியில் இருக்கும். ‘வெள்ளை மாத்திரை, காலையில் ஒன்று’ என்று சொன்னால் கப்பல் டாக்டருக்கு எதுவும் புரியாது. முழு அட்டை, மருந்துச் சீட்டின் நகல், அது இல்லையென்றால் மருந்து எழுதிய நோட்டின் பக்கத்தைப் போனில் எடுத்த படம், இவை கையில் இருக்க வேண்டும்.

கையில் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். துறைமுகத்தில் கப்பல்காரர்கள் வாங்கிக்கொள்ளும் பெட்டி, அறைக்கு வந்து சேரச் சில மணி நேரம் ஆகும். மதிய மாத்திரை அதற்குள் தவறிவிடும். இன்சுலின் போடுகிறவர்கள் அறையிலுள்ள சிறு ஃபிரிட்ஜை நம்புவதற்கு முன், அது போதிய அளவு குளிர்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இன்னொன்றைக் கிளம்பும் முன்பே டாக்டரிடம் கேட்டு எழுதிக்கொள்வது நல்லது: வாந்தி எடுத்து ஒன்றும் சாப்பிட முடியாத நாளில் சுகர் மருந்தை என்ன செய்வது? சில மாத்திரைகளும் இன்சுலினும் வெறும் வயிற்றில் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும். அந்தத் தலைச்சுற்றலைக் கடல் ஆட்டம் என்று வீட்டார் நினைத்துவிடுவார்கள்.

மூன்று நாளுக்கு எத்தனை மாத்திரை? ஒன்பதென்றால் ஒன்பது மட்டும் எண்ணி எடுப்பவர்கள், 2020 பிப்ரவரியில் ஜப்பானின் யோகோஹாமாவில் நிறுத்தப்பட்ட ‘டைமண்ட் பிரின்சஸ்’ கப்பலை நினைத்துக்கொள்ளலாம். 3,711 பேர் இருந்த அந்தக் கப்பலில் 712 பேருக்குக் கொரோனா உறுதியானது. தொற்றே வராத முதியவர்களுக்கும் வேறு தவிப்பு இருந்தது. வழக்கமான மாத்திரைகள் தீர்ந்துபோய், ‘மருந்துத் தட்டுப்பாடு’ என்று துணியில் எழுதிக் கப்பலின் வெளிப்புறத்தில் தொங்கவிட்டார்கள். அது அபூர்வமான சம்பவம் என்பது சரி. புயல் காரணமாக ஒரு நாள் தாமதமாவது அபூர்வமில்லை. ஒரு வாரத்து மாத்திரை கூடுதலாக வைத்திருப்பதில் சுமை ஒன்றுமில்லை.

டாக்டர் உண்டு, ஆஸ்பத்திரி இல்லை

கப்பலில்தான் டாக்டர் இருக்கிறாரே என்பது கடைசி வாதம். இருக்கிறார், காய்ச்சல், வாந்தி, காயம், முதல்கட்ட மாரடைப்புச் சிகிச்சை வரை பார்ப்பார். அதற்கு மேல் போனால் நோயாளியைக் கரைக்குக் கொண்டுவர வேண்டும். 108 அங்கே வராது. சிகிச்சைக்குத் தனிக் கட்டணம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை அங்கீகரித்த மருத்துவமனைகளுக்கானது. நாம் எடுத்து வைத்திருக்கும் தனியார் பாலிசிகளும் பெரும்பாலும் வெளிநாட்டுக் கடலுக்குப் பொருந்தாது. பயணக் காப்பீடு தனியாக எடுக்க வேண்டும். அதில் ஏற்கெனவே உள்ள நோய்களைச் சொல்லியே எடுக்க வேண்டும். ஆறு மாதம் நிறையாத குழந்தையையும், 24 வாரம் ஆகிவிட்ட கர்ப்பிணியையும் பெரும்பாலான கப்பல்கள் ஏற்றுவதில்லை. இதை டிக்கெட் எடுக்கும் அன்றே கேட்காதவர்கள் துறைமுகம் வரை போய்த் திரும்புகிறார்கள். நீச்சல் குளத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை: காவலாள் இல்லாத குளங்கள் கப்பல்களில் உண்டு. கண்மாயில் நீந்திய பிள்ளையானாலும் பெரியவர் ஒருவர் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மூழ்குகிற குழந்தை கத்தாது.

ஊர் திரும்பிய பின்

இறங்கிய மறுநாள் வயிற்றுப்போக்கு தொடங்கலாம். ஒரு பாக்கெட் ஓ.ஆர்.எஸ். பொடியை அளவாக ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குடிப்பதே முதல் வைத்தியம். குழந்தை சோர்ந்து சிறுநீர் குறைந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வயிற்றுப்போக்கு நின்ற பிறகும் இரண்டு நாளாவது மற்றவர்களுக்குச் சமைக்கவோ பரிமாறவோ கூடாது. வந்த கையோடு அக்கா மகனுக்குக் காதுகுத்து என்றாலும், அன்று பந்தியில் வாளி தூக்கும் வேலையை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள்.