நோய் மூளையில் இருந்தது, நினைவு தப்பவில்லை

சிஸ்டர் மேரி அமெரிக்காவில் வாழ்ந்த கன்னியாஸ்திரீ, ஆசிரியையும்கூட. 101 வயதில் இறந்தார். கடைசிக் காலத்து நினைவாற்றல் சோதனைகளிலும் நல்ல புள்ளிகளே பெற்றிருந்தார். ஆனால், இறந்தபின் அவரது மூளையை ஆராய்ந்தவர்கள் திகைத்துப் போனார்கள். அல்சைமர் எனும் மறதி நோயாளிகளின் மூளையில் காணப்படும் புரதப் படிவுகளும் சிக்கல்களும் அதில் ஏராளமாக இருந்தன.

இது, 1986இல் டேவிட் ஸ்னோடன் தொடங்கிய ஆய்வில் தெரிய வந்தது. 75 வயதும் அதற்கு மேலும் ஆன 678 கன்னியாஸ்திரீகள் அதில் கலந்துகொண்டு, இறந்தபின் மூளையைத் தானமாகத் தரவும் சம்மதித்தார்கள்.

ஏன் கன்னியாஸ்திரீகள்? தொடக்கப்பள்ளியில் படித்த ‘கட்டுப்படுத்தப்பட்ட மாறி’ நினைவிருக்கிறதா, மாணவர்களே? ஒரே மாதிரி உணவு, உறைவிடம், மருத்துவ வசதி, புகைப்பழக்கமும் இல்லை. மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வில் இவ்வளவு மாறிகள் ஒத்துப்போவது அபூர்வம்.

சரி, சிஸ்டர் மேரிக்கு மறதி ஏன் வரவில்லை? நெடுஞ்சாலை நெரிசலில் அடைபட்டால், தாமான் சந்துகளை அறிந்தவர் எப்படியும் வீடு போய்ச் சேர்ந்துவிடுவார். மூளையிலும் நரம்பு உயிரணுக்களுக்கிடையே இணைப்புகள் நிறைய இருந்தால், ஒரு பாதை பழுதானாலும் செய்தி வேறு பாதையில் போகலாம். இதை ‘அறிவாற்றல் சேமிப்பு’ என்கிறார்கள். படிப்பு, மூளைக்கு வேலை தரும் தொழில், புதிய மொழி எல்லாம் இதைக் கூட்டுவதாகக் கருதப்படுகிறது. ஆனால், இது நோயைக் குணப்படுத்தாது. சேமிப்பு கரைந்துவிட்டால் பிறகு சரிவு வேகமாகவே இருக்கும்.

இந்த ஆய்வில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது வேறொன்று. இவர்களில் சிலர் இருபதுகளின் தொடக்கத்தில் எழுதிய தன்வரலாற்றுக் கட்டுரைகள் பத்திரமாக இருந்தன. கருத்துச் செறிவு குறைந்த கட்டுரைகளை எழுதியவர்களே, ஏறக்குறைய 60 ஆண்டுகளுக்குப் பின் சோதனைகளில் அதிகம் பின்தங்கினார்கள். அப்படியானால் நல்ல எழுத்து மூளையைக் காத்ததா, அல்லது ஏற்கெனவே வலுவாக இருந்த மூளை நன்றாக எழுதியதா? தொடர்பு இருப்பதாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் ஆகிவிடாது. ஆகவே, குறுக்கெழுத்துப் போட்டி மட்டும் போதும் என்று யாராவது சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள்.

இன்னொரு முடிவும் உண்டு. மூளையில் அல்சைமர் தடயம் இருந்தவர்களில், சிறிய பக்கவாதப் பாதிப்பும் சேர்ந்திருந்தவர்களுக்கே மறதி நோய் அதிகம் வெளிப்பட்டிருந்தது. தாத்தா காலையில் விழுங்கும் இரத்த அழுத்த மாத்திரைக்கும் இதில் பங்கு உண்டு.