கேள்வி கேட்பதும் ஒரு தொண்டு

"சும்மா கேள்வி மேல் கேள்வி கேட்டுக்கொண்டிருக்காதே!" என்று வீட்டில் ஒரு முறையேனும் அதட்டு வாங்காத பெண் நம் பள்ளியில் உண்டா? பெண்பிள்ளை அடக்கமாக இருக்கவேண்டும், பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசலாகாது என்றெல்லாம் கேட்டே வளர்ந்தவர்கள் நாம். ஆனால், அன்பு மாணவியரே, கேள்வி கேட்பதையே கடமையாகக் கொண்ட ஒரு பதவி நம் நாட்டில் இருக்கிறது. அதுதான் மக்கள் பிரதிநிதியின் பதவி. சட்டமன்றத்திலோ நாடாளுமன்றத்திலோ அவர் எழுந்து நின்று கேட்டால், அமைச்சர் விடை கூறியே ஆகவேண்டும்.

இதைப் பாடநூலில் இரண்டு வரியில் படித்துவிட்டுப் போகாமல், இவ்வாண்டு ஒன்பதாம் வகுப்புக் குடிமையியல் வகுப்பில் நாங்களே ஒரு 'கேள்வி நேரம்' நடத்திப் பார்த்தோம். தலைமை ஆசிரியைச் சகோதரி அவர்கள் சபாநாயகராக அமர மனமுவந்து இசைந்தார்கள். கல்வி, சுகாதாரம், விளையாட்டு என மூன்று துறைகளுக்கு மூன்று அமைச்சர்களையும் தேர்ந்தெடுத்தோம். மற்றவர்கள் எல்லாரும் உறுப்பினர்கள். அன்று கற்றதையே இங்கு எழுதுகிறேன்.

முன்னோர் பெற்றுத் தந்த உரிமை

கேள்வி கேட்கும் வழக்கம் இங்கிலாந்தில் தோன்றியது. 1721-ஆம் ஆண்டில் பிரபுக்கள் சபையில் கௌப்பர் பிரபு ஒரு கேள்வி எழுப்பினார். தென்கடல் கம்பெனி என்னும் வணிக நிறுவனம் முறிந்து பலர் பொருளிழந்த சமயம் அது. அதன் காசாளர் நாட்டைவிட்டு ஓடிவிட்டாராமே, அவர் பிடிபட்டது உண்மையா என்பதே கேள்வி. ஏமாந்த மக்களின் பணத்தைப் பற்றிய கேள்வியே பதிவான முதற் கேள்வி என்பது நினைவில் கொள்ளத்தக்கது.

நம் நாட்டிலோ, 1861-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த சபைகளில் உறுப்பினர்களுக்குக் கேள்வி கேட்கும் உரிமையே இல்லை. 1892-ஆம் ஆண்டுச் சட்டம்தான் அதை வழங்கியது. அப்போதும் அரசுத் தரப்பு கூறும் விடை தெளிவாக இல்லையென்றால் மேற்கொண்டு கேட்க வழியில்லை. 1909-இல், கேள்வி கேட்டவர் மட்டும் துணைக் கேள்வி கேட்கலாம் என்று ஆயிற்று. 1919-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே எந்த உறுப்பினரும் துணைக் கேள்வி கேட்கும் நிலை வந்தது. இன்று எளிதாகத் தோன்றும் உரிமை, படிப்படியாகப் பெற்ற உரிமை அன்றோ!

இன்று மக்களவையில் கூட்ட நாளின் முதல் மணி நேரமாகிய காலை 11 முதல் 12 வரை கேள்வி நேரம். மாநிலங்களவையில் 2014 முதல் அது நண்பகல் 12 மணிக்குத் தொடங்குகிறது. நட்சத்திரக் குறியிட்ட வினாவுக்கு அமைச்சர் எழுந்து வாய்மொழியாக விடை கூறுவார். அதன்மேல் துணைக் கேள்விகள் எழும். மக்களவையில் ஒரு நாளைக்கு இத்தகைய வினாக்கள் 20. குறியிடாத வினாக்கள் 230. அவற்றுக்கு எழுத்தில் விடை கிடைக்கும். யார் வினா முதலில் வருவது என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்கிறார்கள். ஆகவே பெரிய தலைவர், புதிய உறுப்பினர் என்ற வேற்றுமைக்கு அங்கே இடமில்லை.

வினாவின் இலக்கணம்

எங்கள் வகுப்பில் முதல் கேள்வியை எழுதியவள் விடுதியில் தங்கிப் படிக்கும் ஒரு மாணவி. அவளுடைய தங்கை கிராமத்து அரசு நடுநிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்புப் படிக்கிறாள். அவள் எழுதியது இது: "எங்கள் ஊர்ப் பள்ளியில் விளையாட இடமே இல்லை. பிள்ளைகள் தெருவில்தான் ஓடுகிறார்கள். கிராமத்துப் பெண்களை அரசாங்கம் ஏன் இப்படி மறந்துவிட்டது?"

வகுப்பே கை தட்டியது. ஆனால் சபாநாயகர் அதை ஏற்கவில்லை! அவள் முகம் வாடிப்போயிற்று. ஏன் ஏற்கவில்லை என்பதை அறிய, மக்களவை விதிகளைப் பார்ப்போம். வினாவைக் குறைந்தது 15 நாள் முன்னதாக எழுத்தில் தரவேண்டும். பொதுவாக 150 சொற்களுக்கு மேற்படக்கூடாது. அதில் வாதம் இருக்கலாகாது. ஏளனமோ பழிச்சொல்லோ கூடாது. அமைச்சரின் கருத்து என்ன என்று கேட்கக்கூடாது. 'இப்படி நடந்தால் என்ன செய்வீர்கள்' என்று கற்பனையாகவும் கேட்கலாகாது. சாதாரண நூல்களில் கிடைக்கும் செய்தியைக் கேட்டுச் சபையின் நேரத்தை வீணாக்கவும் கூடாது.

இவ்விதிகள் உறுப்பினரின் வாயைக் கட்டுவதற்காக ஏற்பட்டவை என்று தோன்றும். சற்று எண்ணிப் பார்த்தால் உண்மை வேறு. 'ஏன் மறந்தீர்கள்?' என்று கேட்டால், 'நாங்கள் மறக்கவே இல்லை' என்று ஒரே வரியில் அமைச்சர் அமர்ந்துவிடலாம். 'எத்தனை?' என்று கேட்டால் எண்ணிக்கை சொல்லியாக வேண்டும். சொன்ன எண்ணிக்கை சபைக் குறிப்பில் அச்சாகிவிடும். பிறகு அதை மாற்றிப் பேச முடியாது. கோபத்தைவிடக் கணக்கு வலிமையானது.

ஆகவே எல்லாரும் கூடி அந்த மாணவியின் கேள்வியை இவ்வாறு திருத்தி எழுதினோம்:

(அ) இம்மாவட்டத்தில் உள்ள அரசு நடுநிலைப் பள்ளிகள் எத்தனை?

(ஆ) அவற்றுள் விளையாட்டுத் திடல் உள்ளவை எத்தனை? மாணவியருக்குத் தனிக் கழிப்பறை உள்ளவை எத்தனை?

(இ) கடந்த ஓராண்டில் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை நடந்த பள்ளிகள் எத்தனை?

(ஈ) வசதி இல்லாத பள்ளிகளுக்கு அவற்றைச் செய்து தர எடுத்துள்ள நடவடிக்கை யாது? இல்லையெனில் அதற்குக் காரணம் என்ன?

இக்கேள்விக்குச் சட்டத்தின் துணையும் உண்டு. 2009-இல் நிறைவேறி, 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், ஒரு பள்ளிக்கு இருக்கவேண்டியவற்றை ஓர் அட்டவணையாகவே தருகிறது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கழிப்பறை, நல்ல குடிநீர், நூலகம் ஆகியவற்றோடு விளையாட்டுத் திடலும் அதில் உள்ளது. திடல் என்பது யாரோ இரங்கித் தரும் சலுகையன்று. சட்டம் கூறும் தேவை.

யாரைக் கேட்பது?

அடுத்துச் சபாநாயகர் எழுப்பிய ஐயம் இது: "இதை டில்லியில் கேட்பதா, சென்னையில் கேட்பதா?" நம் அரசியலமைப்பில் மத்தியப் பட்டியல், மாநிலப் பட்டியல், பொதுப் பட்டியல் என மூன்று உண்டு. மருத்துவமனைகளும் பொதுச் சுகாதாரமும் மாநிலப் பட்டியலைச் சேர்ந்தவை. விளையாட்டும் மாநிலப் பட்டியலிலேயே இருக்கிறது. அது நாடகம், சினிமா, கேளிக்கைகளோடு ஒரே வரிசையில் எழுதப்பட்டுள்ளது என்றால் வியப்பாக இருக்கும்! கல்வியும் முன்பு மாநிலத்துக்கே உரியதாக இருந்தது. 1976-ஆம் ஆண்டின் 42-ஆவது திருத்தம் அதைப் பொதுப் பட்டியலுக்கு மாற்றியது.

கேட்கவேண்டிய இடம் தெரியாமல் கேட்டால், 'இது மாநிலத்துக்குரிய பொருள்' என்று கூறி விடையைத் தட்டிவிடுவது எளிது. எங்கள் கேள்வியில் பள்ளியும் திடலும் கல்வித் துறைக்கு உரியவை. மருத்துவப் பரிசோதனை சுகாதாரத் துறைக்கும் உரியது. ஆகவே அதைப் பிரித்து அனுப்பவேண்டும் என்று கண்டோம். ஆயினும் ஒரு பிள்ளைக்கு இவை மூன்றும் ஒன்றே. சோகை பிடித்த பெண்ணால் ஓட முடியாது. உடல் நலமில்லாதவளுக்குப் பாடம் ஏறாது. சுதந்திர இந்தியாவின் முதல் சுகாதார அமைச்சரான ராஜகுமாரி அம்ருத் கௌர் இதை நன்கு உணர்ந்தவர். விளையாட்டுப் பயிற்சிக்காக 1953-இல் தொடங்கிய தேசியத் திட்டம் அவர் பெயராலேயே வழங்கிற்று.

சபையில் ஒரே ஒரு பெண்

கேள்வி கேட்பதால் என்ன பயன் என்று ஐயுறுவோர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் வாழ்வைப் படிக்கவேண்டும். 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்தவர் அவர். ஆண்கள் மட்டுமே படித்துவந்த மகாராஜா கல்லூரியில் எதிர்ப்புக்கிடையே இடம் பெற்றார். 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912-இல் பட்டம் பெற்றார். 1926-இல் சென்னைச் சட்ட மேலவைக்கு நியமிக்கப்பட்டு, பிரிட்டிஷ் இந்தியாவின் முதல் பெண் சட்டசபை உறுப்பினரானார். அடுத்த ஆண்டே சபையின் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அத்தனை ஆண்களுக்கு நடுவே அந்த ஒரு பெண் எதைப் பற்றிப் பேசினார்? பள்ளிப் பிள்ளைகளுக்கு முறையான மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்றார். ஏழைப் பெண் குழந்தைகளுக்குக் கல்விக் கட்டணச் சலுகை வேண்டும் என்றார். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மருத்துவ வசதி வேண்டும் என்றார். கோவில்களில் சிறுமியருக்குப் பொட்டுக் கட்டும் கொடுமையை ஒழிக்க 1927-இல் தீர்மானம் கொண்டுவந்தார். மருத்துவராகத் தாம் நேரில் கண்ட துன்பங்களையே அவர் சபைக்குக் கொண்டுசென்றார். 1930-இல் காந்தியடிகள் கைதானபோது பதவியைத் துறந்தார்.

பொட்டுக் கட்டுவதைத் தடை செய்யும் சட்டம் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது எப்போது தெரியுமா? 1947-இல்! தீர்மானத்துக்கும் சட்டத்துக்கும் இடையே இருபது ஆண்டுகள். இன்று கேட்டால் நாளை கிடைத்துவிடும் என்று எண்ணுபவர்கள் இதைக் கருதவேண்டும். கேட்காமலே இருந்திருந்தால், அந்த இருபது ஆண்டு தொடங்கியே இராது.

விடை வந்த பின்னர்

'தகவல் திரட்டப்பட்டு வருகிறது', 'அரசின் பரிசீலனையில் உள்ளது' என்றும் அமைச்சர்கள் விடை கூறுவதுண்டு. அத்தோடு முடிந்ததா? இல்லை. சபையில் அமைச்சர் தரும் வாக்குறுதி காற்றில் போய்விடாமல் காக்க, 1953 முதல் மக்களவையில் அரசு உறுதிமொழிக் குழு என்று ஒன்று இயங்கிவருகிறது. கொடுத்த வாக்கை மூன்று மாதத்தில் நிறைவேற்ற வேண்டும் என்பது முறை. தாமதமானால் குழு விளக்கம் கேட்கும்.

குறைகளும் இல்லாமல் இல்லை. கூச்சலிலும் வெளிநடப்பிலும் கேள்வி நேரம் வீணாகும் நாட்கள் பல. 2020 செப்டம்பரில் கொரோனாத் தொற்றைக் காரணம் காட்டிக் கேள்வி நேரமே நடைபெறாமல், எழுத்து விடைகள் மட்டும் தரப்பட்டன. கேள்வி நேரம் வீணானால் இழப்பு உறுப்பினருக்கன்று; திடல் இல்லாத பள்ளிக்கும் மருத்துவர் இல்லாத ஊருக்குமே.

நமக்கும் உண்டு இவ்வுரிமை

பெற்றோர்களே, உறுப்பினராக இருந்தால்தான் கேட்க முடியுமா என்று எண்ணவேண்டாம். 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, குடிமக்கள் எவரும் பத்து ரூபாய்க் கட்டணத்தில் அரசு அலுவலகத்திடம் தகவல் கேட்கலாம். பொதுவாக முப்பது நாளில் விடை வரவேண்டும். அங்கே கருத்துக் கேட்க முடியாது; கோப்பில் உள்ள தகவலையே கேட்கலாம். அச்சட்டம் நிறைவேறியபோது அதில் ஓர் அழகான வாசகமும் இருந்தது: நாடாளுமன்றத்துக்கோ சட்டமன்றத்துக்கோ மறுக்க முடியாத தகவலை எந்த மனிதருக்கும் மறுக்கலாகாது என்பது அதன் கருத்து. சபையில் நிற்கும் உறுப்பினரையும், தபால் நிலையத்தில் நிற்கும் ஏழைத் தந்தையையும் ஒரே நிரையில் வைத்த வாசகம் அது.

2024 தேர்தலில் மக்களவையின் 543 இடங்களில் 74 பெண்கள் வெற்றி பெற்றனர். மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு என்னும் 106-ஆவது திருத்தம் 2023-இல் நிறைவேறியுள்ளது. நாளை அந்த இடங்களில் அமரப்போகிறவர்கள் யார்? இன்று நம் வகுப்பறைகளில் அமர்ந்திருப்பவர்களாகவும் இருக்கலாம் அன்றோ! அவர்கள் இப்போதே நன்றாகக் கேட்கப் பழகட்டும்.

முடிவாக ஒரு செய்தி. அந்த விடுதி மாணவி, திருத்தி எழுதிய கேள்வியை விடுமுறையில் வீட்டுக்கு எடுத்துச் சென்றாள். அவள் சொல்லச் சொல்ல அவளுடைய தந்தை எழுதி, கையொப்பமிட்டு, உரிய அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினார். விடை வந்ததா என்று கேட்பீர்கள். இம்மலர் அச்சுக்குச் செல்லும் இன்றைக்குப் பதினெட்டாவது நாள். "இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது, டீச்சர்" என்று காலையில் என்னிடம் வந்து சொல்லிவிட்டுப் போனாள்.