பாலைவனத்தில் யார் வைத்த தண்ணீர்ப் பந்தல்?

2022 செப்டம்பரில் எட்டு சிவிங்கிப்புலிகள் குனோ காட்டில் வந்து இறங்கிய நாளிலிருந்து நமீபியா என்ற பெயர் நம் டீக்கடைப் பேச்சு வரைக்கும் வந்துவிட்டது. ‘அவை கிளம்பி வந்த ஊருக்குச் சிக்கனமாகப் போய்வர முடியுமா?’ இதுதான் இந்த வாரம் எனக்குக் கொடுக்கப்பட்ட கேள்வி.

தாராளமாக முடியும். ஆப்பிரிக்கா என்றதும் கென்யா, தான்சானியா என்று விசாரித்து, ஒரு நாள் ஜீப் வாடகையைக் கேட்டதுமே ஆசையை மூட்டை கட்டியவர்கள் நிறையப் பேர். அவர்கள் தெற்கே இருக்கும் நமீப் பாலைவனத்தையும் கலஹாரியையும் ஒருமுறை யோசித்துப் பார்க்கலாம். அங்கே வழிகாட்டி, ஓட்டுநர், சொகுசு விடுதி எதுவும் கட்டாயமில்லை. வண்டியை நாமே ஓட்டலாம், கூடாரத்தை நாமே அடிக்கலாம், சோற்றை நாமே பொங்கிக்கொள்ளலாம். தென்னாப்பிரிக்கா, நமீபியா, போட்ஸ்வானா மூன்றிலும் நம்மைப் போலவே சாலையின் இடதுபக்கம்தான் ஓட்டுகிறார்கள். நமீபிய டாலரும் தென்னாப்பிரிக்க ராண்டும் சம மதிப்பு. ராண்ட் நோட்டை நமீபியாவில் எந்தக் கடையிலும் நீட்டலாம்.

தனி ஆளாகப் போகிறவர்களுக்கு ஓவர்லேண்ட் லாரி இருக்கிறது. கேப் டவுனில் ஏறினால் நமீபியா, போட்ஸ்வானா வழியாக விக்டோரியா அருவிக்கு மூன்று வாரத்தில் கொண்டுபோய்விடுவார்கள். முறைவைத்துக் காய்கறி நறுக்க வேண்டும், பாத்திரம் கழுவ வேண்டும். நான்கு பேர் சேர்ந்துவிட்டால் நமீபியத் தலைநகர் விண்ட்ஹூக்கில் கூரைமேல் கூடாரம் பொருத்திய பிக்கப் வண்டியை வாடகைக்கு எடுப்பதுதான் மலிவு. வடக்கே எடோஷா தேசியப் பூங்காவுக்கு மட்டும் போவதாக இருந்தால் சாதாரண காரே போதும். சரளைச் சாலைகளில் எண்பதைத் தாண்டாதீர்கள், இரவில் ஓட்டவே ஓட்டாதீர்கள், பெட்ரோல் பங்க் கண்ணில் பட்ட இடமெல்லாம் டேங்க்கை நிரப்புங்கள். நமீபியாவின் 8,25,000 சதுர கிலோமீட்டர் நிலத்தில் மொத்தம் முப்பது லட்சம் பேர்தான் வசிக்கிறார்கள். வண்டி நின்றுவிட்டால் அடுத்த ஆள் எப்போது வருவார் என்று சொல்ல முடியாது. சிங்கத்தை நினைத்துப் பயப்படுகிறவர்கள் சரளைச் சாலையை நினைத்துத்தான் பயப்பட வேண்டும். வேகமாகப் போய் வளைவில் வழுக்கி உருண்ட வண்டிகளின் கதை அங்கே எல்லா முகாமிலும் கிடைக்கும்.

செலவைப் பற்றி இது போதும். மிச்சத்தை நீங்களே தேடிக்கொள்வீர்கள். எனக்கு எழுத வேண்டியது வேறு.

உட்கார்ந்தால் போதும்

இந்தப் பாலைவனங்களில் சிக்கனமாக விலங்கு பார்ப்பதற்கு ஒரே ஒரு உத்திதான். தண்ணீர்க் குட்டைக்குப் பக்கத்தில் போய் உட்கார வேண்டும். வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

எடோஷா தேசியப் பூங்காவின் பரப்பு 22,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல். அதில் ஏறக்குறைய 4,800 சதுர கிலோமீட்டர் ஒரே வெள்ளை உப்புப் படுகை. வானத்திலிருந்து பார்த்தாலே கண் கூசும். மே முதல் அக்டோபர் வரை மழையே கிடையாது. சுற்றுவட்டாரத்தில் ஈரம் வற்றியதும் படுகையின் தெற்கு விளிம்பில் இருக்கும் குட்டைகளுக்கு எல்லா விலங்குகளும் வந்தாக வேண்டும். ஒக்காகுயேயோ முகாமில் ஒரு குட்டைக்கு இரவு முழுக்க விளக்குப் போட்டிருக்கிறார்கள். தாழ்வான கல்சுவருக்கு இந்தப் பக்கம் பெஞ்சுகள். கூடாரம் அடித்தவரும் பெரிய காசு கொடுத்துக் குடிலில் தங்கியவரும் ஒரே பெஞ்சில்தான் உட்கார வேண்டும். உலகத்தில் அருகிப்போன கருப்புக் காண்டாமிருகம் குட்டியோடு வந்து குடித்துவிட்டுப் போவதை இவ்வளவு மலிவாகப் பார்க்க எனக்குத் தெரிந்து வேறு இடம் இல்லை. யானைக்கூட்டம் வந்துவிட்டால் மற்றவை ஒதுங்கி நின்றுகொள்கின்றன. காண்டாமிருகம் மட்டும் முறைத்துக்கொண்டே நிற்கும்.

தென்னாப்பிரிக்காவும் போட்ஸ்வானாவும் 2000ஆம் ஆண்டில் தங்கள் பூங்காக்களைச் சேர்த்து உருவாக்கிய க்கலகாடி எல்லைகடந்த பூங்காவில் காட்சி வேறு. அங்கே காலை வெயில் ஏறியதும் கல்கவுதாரிகளின் நேரம். குட்டையோரத்துக்கு நூற்றுக்கணக்கில் வந்து இறங்கும். பெட்டைகள் அவசரமாக நாலு மடக்குக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடும். சேவல் மட்டும் தண்ணீருக்குள் வயிறு முங்க இறங்கி, உடம்பை முன்னும் பின்னும் ஆட்டும். அதன் வயிற்று இறகுகள் பஞ்சு போலத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும் அமைப்பு கொண்டவை. ஈர வயிற்றோடு அது பல கிலோமீட்டர் பறந்து போய், தரையிலிருக்கும் கூட்டுக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நிற்கும். குஞ்சுகள் அந்த இறகுகளைக் கோதிக் குடிக்கும். இதற்குள் புதர் மறைவில் நரி காத்திருக்கும், மேலே வல்லூறு வட்டமிடும். சிங்கம் வரவில்லையே என்று அலுத்துக்கொண்டு வண்டியைக் கிளப்புகிறவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். பாவம் என்றுதான் சொல்ல வேண்டும்.

சரி, ஆண்டுக்கணக்கில் ஓடாத நாஸப், ஆவோப் ஆறுகளின் படுகையில் அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது?

1914இல் தோண்டிய கிணறு

முதல் உலகப் போர் தொடங்கியபோது இன்றைய நமீபியா ஜெர்மனியின் கையில் இருந்தது. ஆவோப் படுகை வழியாகப் படை அனுப்ப வேண்டிவந்தால் குதிரைக்கும் சிப்பாய்க்கும் குடிக்க வேண்டுமே என்று தென்னாப்பிரிக்கத் தரப்பில் 1914இல் வரிசையாகக் கிணறு தோண்டினார்கள். மான்ட்ரோஸ், டல்கீத், ஆக்டர்லோனி என்று ஸ்காட்லாந்துப் பெயர்கள் அந்தப் பள்ளத்தாக்கில் இன்றும் இருக்கின்றன. கிணற்றுக் காவலுக்கு வைக்கப்பட்ட குடும்பங்கள் வேட்டையாடித்தான் வயிற்றைக் கழுவின. விலங்குகள் குறைந்துபோகவே 1931இல் அந்த இடம் பூங்காவானது. போருக்கென்று தோண்டிய தண்ணீரைச் சுற்றித்தான் இன்று நாம் கேமராவோடு நிற்கிறோம்.

எடோஷாவின் விளிம்பில் இயற்கை ஊற்றுகள் உண்டு. ஆனால் பயணிகள் பார்க்கும் குட்டைகளில் பல, ஆழ்துளைக் கிணற்றிலிருந்து பம்பு வைத்து நிரப்பப்படுபவை. முன்பு காற்றாடி சுழன்றது, இப்போது சோலார் தகடு. சித்திரை வெயிலில் நம் ஊர்த் தெருமுனையில் வைக்கும் தண்ணீர்ப் பந்தலுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது: ஆடி வந்ததும் நம் பந்தலைப் பிரித்துவிடுவோம். அங்கே பிரிப்பதே இல்லை.

பிரித்தால் என்ன? கலஹாரி விலங்குகளுக்குத் தண்ணீர் இல்லாமல் வாழத் தெரியாதா? தெரியும். ஒரிக்ஸ் வகையைச் சேர்ந்த ஜெம்ஸ்பாக்கின் உடல் வெப்பம் 45 டிகிரி வரை ஏறினாலும் மூளைக்குப் போகும் ரத்தம் மூளையின் அடியில் இருக்கும் நாள வலையால் குளிர்ந்துவிடும். சம்மா என்கிற காட்டுத் தர்ப்பூசணியைத் தின்றே தாகத்தைத் தீர்த்துக்கொள்ளும். கலஹாரிச் சிங்கம் வேட்டையின் ரத்தத்தையும் சதையின் ஈரத்தையும் வைத்தே வாரக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். வில்டபீஸ்டாலும் வரிக்குதிரையாலும் அது முடியாது. அவை மழையைத் தேடி நடந்து பிழைத்தவை. அந்த நடையைத்தான் வேலி நிறுத்தியது.

பயணிக்கு அந்த வேலி முதலில் அறிமுகமாவது இறைச்சிப் பையில். நமீபியாவின் வடக்கிலிருந்து தெற்கே வரும்போது சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்தி ஐஸ் பெட்டியைத் திறக்கச் சொல்வார்கள். பச்சை இறைச்சி இருந்தால் போச்சு. போட்ஸ்வானாவில் கூடுதலாக, மருந்துத் தண்ணீரில் ஊறிய கோணியில் செருப்பை மிதித்துவிட்டு வர வேண்டும். பெட்டிக்குள் இருக்கும் இன்னொரு ஜோடிச் செருப்பையும் எடுத்துவரச் சொல்வார்கள். எல்லாம் மாட்டு நோய்க்காக. 1896-97இல் வெக்கை நோய் ஆப்பிரிக்காவின் மாடுகளை வாரிக்கொண்டு போனபோது நமீபியாவின் குறுக்கே இழுத்த கோடு, 1960களில் கோமாரி வந்த பிறகு கம்பிவேலியானது. போட்ஸ்வானாவின் கூக்கே வேலி 1958இல் எழுந்தது. எடோஷாவைச் சுற்றி 1973இல் வேலி முழுமையடைந்தது.

பிறகு நடந்தவற்றில் மூன்றை மட்டும் சொல்கிறேன். 1980களின் தொடக்கத்து வறட்சியில் மத்திய கலஹாரியின் வில்டபீஸ்டுகள் தண்ணீரைத் தேடி வடக்கே நடந்து வேலியில் முட்டின, பல்லாயிரக்கணக்கில் செத்தன. எடோஷாவில் 1950களில் 25,000 அளவுக்கு இருந்த வில்டபீஸ்ட் 1970களின் முடிவில் பத்தில் ஒரு பங்காகிவிட்டது. மூன்றாவது பாலைவனத்தில் நடந்ததில்லை, ஆனால் தண்ணீரைப் பற்றியது. தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் பூங்காவில் வறண்ட வடபகுதியில் கிணறுகள் வெட்டினார்கள். தண்ணீருக்கு வரிக்குதிரைகள் வந்தன, வரிக்குதிரைக்குச் சிங்கங்கள் வந்தன. அரிதான ரோன் மான் 1986இல் 450 இருந்தது 1993இல் 45 ஆனது. அதன்பிறகு அங்கே ஏராளமான கிணறுகளை மூடினார்கள்.

வேலி போட்டு வழியை அடைத்துவிட்டுத் தண்ணீரையும் நிறுத்தினால் அது கொலை இல்லையா என்று பூங்காக்களை நிர்வகிப்பவர்கள் கேட்கிறார்கள். மாடு வளர்ப்பவருக்கு வேலிதான் ஏற்றுமதி வருமானம். நியாயம்தான். ஆனால் இந்த நியாயத்தை யாரும் சொல்லாத ஒரு இடம் இருக்கிறது: சுற்றுலா விளம்பரம். குட்டையோரத்துப் படங்களைக் காட்டி ‘தீண்டப்படாத வனாந்தரம்’ என்று விற்கிறார்கள். பம்பு சத்தம் படத்தில் கேட்காதே.

தண்ணீர் யாருக்கு என்ற கேள்வி மனிதரையும் விடவில்லை. எடோஷாவுக்குள் தலைமுறைகளாக வாழ்ந்த ஹைஓம் சான் மக்கள் 1954இல் வெளியேற்றப்பட்டார்கள். மத்திய கலஹாரி சரணாலயம் 1961இல் அமைந்தபோது அங்கே வேட்டையாடி வாழ்ந்த சான் மக்களும் அதற்குள்தான் இருந்தார்கள். 2002இல் அவர்களுடைய ஊரான மோதோமெலோவில் இருந்த ஒரே ஆழ்துளைக் கிணறு மூடப்பட்டது. அவர்களை வெளியேற்றியது சட்டவிரோதம் என்று 2006இல் நீதிமன்றம் சொன்ன பிறகும் கிணற்றுக்காக இன்னொரு வழக்கு நடத்த வேண்டியிருந்தது. 2011 ஜனவரியில்தான் மேல்முறையீட்டில் அந்த உரிமை கிடைத்தது. காட்டு விலங்குக்குத் தண்ணீர் இறைக்கும் நிலத்தில் குடிநீருக்காக ஒரு சமூகம் படியேறிய கதையை எந்த லாரிப் பயணத்திலும் சொல்ல மாட்டார்கள்.

அடுத்து வரப்போவதுதான் எனக்குக் கவலை. 2024 வறட்சியில் நமீபியாவில் 723 காட்டு விலங்குகளைச் சுட்டு இறைச்சியை மக்களுக்குக் கொடுக்க முடிவானது. அதில் 83 யானைகள், 300 வரிக்குதிரைகள். உலகமே பதறியது. மேய்ச்சல் இல்லாத இடத்தில் தண்ணீரை மட்டும் ஊற்றிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும் என்று பதறியவர்கள் கேட்கவில்லை. குட்டையைச் சுற்றி நாலைந்து கிலோமீட்டருக்குப் புல் மிதிபட்டு மண்ணாகக் கிடப்பதைப் பயணிகள் எல்லோரும் பார்க்கிறோம். படம் எடுக்க வசதியாக இருக்கிறது என்று மகிழ்கிறோம். வறட்சியில் கலஹாரி விலங்குகள் தாகத்தால் சாவதைவிடப் பசியால்தான் அதிகம் சாகின்றன. இன்னொரு ஆழ்துளைக் கிணறு போட்டால் பசி தீராது.

வேலியை எடுத்தால் தீருமா? போட்ஸ்வானாவில் ஒரு சோதனை தானாகவே நடந்தது. ஒகவாங்கோ சதுப்புநிலத்துக்கும் மக்கடிக்கடி உப்புப் படுகைக்கும் நடுவே 1968இல் போட்ட வேலியை 2004இல் அகற்றினார்கள். 36 ஆண்டுகள். ஒரு வரிக்குதிரையின் ஆயுளைவிட மிக அதிகம். பழைய வழியில் நடந்த ஒன்றுகூட உயிரோடு இருந்திருக்காது. ஆனாலும் சில ஆண்டுகளுக்குள் வரிக்குதிரைகள் அதே வழியில் போக வர 500 கிலோமீட்டருக்கு மேல் நடக்கத் தொடங்கிவிட்டன. கழுத்துப் பட்டையில் கருவி மாட்டி ஆராய்ச்சியாளர்கள் இதை உறுதிசெய்தார்கள். வழி திறந்ததே போதுமாக இருந்தது.

ஆகவே போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒக்காகுயேயோவில் இரண்டு இரவு தங்குங்கள், பெஞ்சில் உட்காருங்கள், காண்டாமிருகத்தைப் பாருங்கள்; அதில் குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் பணமும் நாளும் இருந்தால் ஜனவரி முதல் மார்ச் வரையான மழைக்காலத்தில் மத்திய கலஹாரியின் டிசெப்ஷன் பள்ளத்தாக்குக்குப் போங்கள். உள்ளே பெட்ரோல் கிடைக்காது, குடிக்கத் தண்ணீர் கிடைக்காது, முகாமுக்கு வேலியும் கிடையாது. நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி குறைந்தது இரண்டு சேர்ந்து போக வேண்டும், சேற்றில் சிக்கினால் ஒன்றையொன்று இழுக்க. ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐந்து லிட்டராவது சுமந்து போக வேண்டும். மழை பெய்து புல் முளைத்ததும் ஸ்ப்ரிங்பாக், ஜெம்ஸ்பாக் மந்தைகள் பள்ளத்தாக்குக்குத் தாமாக வருகின்றன. பின்னாலேயே சிங்கமும் சிவிங்கிப்புலியும் வருகின்றன. மற்ற இடங்களில் எந்த முகாமில் தங்கினாலும், நீச்சல் குளத்தில் இறங்கும் முன் இந்தக் குளம் எந்த ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் நிரம்புகிறது என்று வரவேற்பு மேசையில் ஒருமுறை கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் பதில் தயார் செய்துவைப்பார்கள்.