பல்லக்குக்குத் திரை போட்ட பிள்ளைகள்

நாவலோடு ஒரு வகுப்பு – 9

‘பொன்னியின் செல்வன்’ நாவலை ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உரக்க வாசிக்க ஆரம்பித்ததைப் போன வாரம் சொல்லியிருந்தேன். வாசிக்க ஆரம்பித்ததுமே சொற்கள் குறுக்கே வந்து நிற்கும். அகழி, கட்டியம், சிவிகை, கொத்தளம், மரக்கலம். 1950-இல் ‘கல்கி’ வார இதழில் தொடர் தொடங்கியபோதே இவற்றில் பல அன்றாடப் பேச்சில் இல்லை. இன்றைய பிள்ளைகளைப் பற்றிக் கேட்க வேண்டுமா?

கரும்பலகையில் அருஞ்சொற்பொருள் எழுதிப் போடுவதுதான் நமக்குப் பழகிய வழி. அகழி என்றால் கோட்டையைச் சுற்றியுள்ள நீர்நிலை. மறுநாள் கேட்டால் பிள்ளைகள் ஒரு எழுத்து பிசகாமல் ஒப்பிப்பார்கள். அதே பிள்ளைகளிடம் தாளைக் கொடுத்து, “அகழியை வரைங்க” என்று சொல்லிப் பாருங்கள். கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு குளம் வரும், அதில் இரண்டு தாமரையும் இருக்கும். ‘சுற்றியுள்ள’ என்பது வாயில் இருக்கிறது, மனதுக்குள் போகவில்லை.

அது தப்பு என்று நான் சொல்வதில்லை. “எதிரி இந்தப் பக்கமா வந்தா?” என்று மட்டும் கேட்பேன். பென்சில் கோட்டையைச் சுற்றி வர ஆரம்பிக்கும். வட்டம் முடிந்ததும், “அப்போ ராஜா எப்படி வெளியே போவாரு?” என்று இன்னொரு பிள்ளையே கேட்டுவிடும். பாலம் வரும். பாலம் வந்தால் எதிரியும் அதன் வழியே வருவானே! அதைத் தூக்கிவிட வேண்டியதுதான். அகழி என்ற ஒரு சொல்லுக்குள் ஒரு கோட்டைக் காவலே இருப்பதைப் பிள்ளைகள் தாங்களாகவே கண்டுபிடிக்கிறார்கள்.

இந்த நாவலில் எனக்கு மிகவும் கைகொடுத்த சொல் ‘மூடு பல்லக்கு’. வீரநாராயண ஏரிக்கரையில் சோழ அரசின் தனாதிகாரி பெரிய பழுவேட்டரையரின் பரிவாரத்தோடு அது போகிறது. உள்ளே யார் என்பதுதான் கதையின் முதல் பெரிய முடிச்சு. எட்டாம் அத்தியாயத்தின் தலைப்பே ‘பல்லக்கில் யார்?’ என்பதுதான். நான் அந்த அத்தியாயத்துக்குப் போகாமல் முன்னதாகவே வாசிப்பை நிறுத்திவிட்டு வரையச் சொன்னேன்.

முதலில் வந்தவை எல்லாம் கோயில் திருவிழாப் பல்லக்குகள். நாலு பக்கமும் திறந்திருக்க, கிரீடம் வைத்த ஒருவர் நடுவில் உட்கார்ந்திருந்தார். “உள்ளே இருக்கிறவங்க தெரிஞ்சா அது மூடு பல்லக்கா?” என்றதும் அடுத்த படத்தில் திரை வந்தது. ஒரு பெண் திரையின் ஓரத்தில் நாலு விரல்களை மட்டும் வரைந்திருந்தாள். ஒரு பையன் கீழே சக்கரம் போட்டுவிட்டு, அப்படியானால் தூக்குகிறவர்கள் எதற்கு என்று அவனே அதை அடித்துவிட்டான். ஆட்களை வரைந்ததும் அவர்கள் தோளில் கம்பு வேண்டும். “இதுக்கு என்ன பேரு டீச்சர்?” ‘தண்டு’ என்று சொன்னேன். அந்தச் சொல் என் பட்டியலில் இல்லை. படத்துக்குத் தேவைப்பட்டதால் அவர்களே கேட்டு வாங்கிக்கொண்டார்கள். இப்படிக் கேட்டு வாங்கிய சொல்லை எந்தப் பிள்ளையும் மறந்து நான் பார்த்ததில்லை.

திரை போட்டு முடித்த ஒருவன், உள்ளே இருப்பவரைத் தாளின் பின்பக்கம் வரையலாமா என்று கேட்டான். வகுப்பு முழுவதும் தாளைத் திருப்பியது. பெரும்பாலும் வளையல் போட்ட ராணிகள். ஓரிரண்டில் கத்தியோடு ஓர் ஆண். கடம்பூர் மாளிகை நடுநிசிக் கூட்டத்தில் பல்லக்கிலிருந்து சோழ இளவரசர் மதுராந்தகர் வெளியே வரும் இடத்தை வாசித்தபோது எழுந்த கூச்சலில், பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்த்தார்.

கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி வாம்ஸ், மெலிசா மீட், மைரா ஃபெர்னாண்டஸ் மூவரும் 2016-இல் வெளியிட்ட ஆய்வு, வரைந்த சொல் நினைவில் நிற்கும் இந்த விஷயத்தைத் தொடுகிறது. சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதியவர்களைவிட, அதே நேரத்தில் அதைப் படமாக வரைந்தவர்களுக்குச் சொற்கள் கூடுதலாக நினைவில் நின்றன. மனதுக்குள் கற்பனை செய்வதும், பிறர் வரைந்த படத்தைப் பார்ப்பதும்கூட வரைவதற்கு ஈடாகவில்லை. ஒரு சொல்லுக்கு 40 விநாடிதான் கொடுத்தார்கள். படம் அழகாக இருந்ததா என்பது பெரிய பொருட்டாக இல்லை. ஆய்வில் பங்கெடுத்தவர்கள் கல்லூரி மாணவர்கள், சொற்களும் அவர்கள் ஏற்கெனவே அறிந்த எளிய சொற்கள். அதனால் அதை நம் வகுப்புக்கான சான்றாக அப்படியே தூக்கி வைக்க மாட்டேன். ஆனாலும் பிறர் படத்தைப் பார்ப்பது போதாது என்ற முடிவு எனக்கு முக்கியம். நாவலாசிரியர் கல்கியோடு சேர்ந்து இந்தக் கதைக்கு உருவம் கொடுத்த ஓவியர் மணியத்தின் படங்களை நான் கடைசியில்தான் காட்டுகிறேன். முதலிலேயே காட்டினால் பிள்ளைகள் அவரைப் பார்த்து வரைவார்கள், சொல்லைப் பார்த்து வரைய மாட்டார்கள்.

இதை வகுப்பில் செய்ய விரும்புகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். ஒரு நாளைக்கு மூன்று சொல்லுக்கு மேல் வேண்டாம். வண்ணம் வேண்டாம், அழிப்பான் வேண்டவே வேண்டாம். தப்பாக வந்தால் பக்கத்திலேயே இன்னொன்று வரையட்டும். மதிப்பெண் போட்டீர்களானால் நன்றாக வரையத் தெரிந்த நாலு பேரைத் தவிர மற்றவர்கள் கை ஓய்ந்துவிடும். வரைந்து முடித்த பிறகு, சொல்லைப் படத்தின் கீழே அவர்கள் கையாலேயே எழுதவையுங்கள். இதை விட்டால் படம்தான் நிற்கும், எழுத்து நிற்காது.

நாவலின் நாயகன் வந்தியத்தேவன் கோடிக்கரையில் சேற்றுப் பள்ளத்தில் சிக்குகிற இடத்துக்கு வந்தபோது, அதை வரையப் பிள்ளைகள் திணறினார்கள். மேலே பார்த்தால் சாதாரணத் தரை, ஆபத்து அடியில். மேலிருந்து பார்ப்பதுபோல் வரைந்தால் அது தெரியாது. கடைசியில் ஒரு பெண் தரையைக் குறுக்கே வெட்டியதுபோல் வரைந்து, இடுப்பு வரை சேற்றில் நிற்பவனின் கால்களைக் கோட்டுக்குக் கீழே தனியாகக் காட்டினாள். கால்களுக்குக் கீழே எதுவும் வரையவில்லை. “தரை எங்கேம்மா?” என்றேன். “அதுதான் இல்லையே டீச்சர்” என்றாள்.

கண்ணால் பார்க்கக்கூடிய பொருள்களுக்கு இதெல்லாம் சரி. சூழ்ச்சி, ஐயம், வஞ்சம் போன்ற சொற்களை எப்படி வரையச் சொல்வது? அதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)