ஒரே மாத்திரையில் இரண்டு மருந்து ஏன்?

பிரஷர் மாத்திரை அட்டையில் சிலருக்கு டெல்மிசார்டன் 40, அம்லோடிபின் 5 என இரண்டு பெயர் இருக்கும். ஒன்றின் அளவையே கூட்டினால் போதாதா? அம்லோடிபின் ரத்தக்குழாய்த் தசைக்குள் கால்சியம் நுழைவதைத் தடுத்துக் குழாயைத் தளர்த்துகிறது. அளவு கூடினால் கணுக்கால் வீங்கலாம். குழாயைச் சுருக்கும் ஆஞ்சியோடென்சினை மறிக்கும் டெல்மிசார்டன், அந்த வீக்கத்தையும் குறைக்கிறது. நல்ல ஜோடிதான்!

ஆனால் டெல்மிசார்டன் உடலில் பொட்டாசியத்தைத் தேக்கும். 'சோடியம் குறைந்த உப்பு' பலவற்றில் இருப்பதும் பொட்டாசியமே. டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். மூட்டுவலிக்குக் கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கி விழுங்கும் பழக்கம் இன்னும் மோசம்: பிரஷர் ஏறும், சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். கர்ப்பம் என்று தெரிந்தால் உடனே டாக்டரிடம் சொல்லி மாத்திரையை மாற்ற வேண்டும், கருவுக்கு ஆபத்து. ஒரு வேளை மறந்தால், மறுவேளை இரண்டாகப் போடக்கூடாது.